உறுமலை அடித்து அடக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டில் வளர்க்கும் நாய்க்குட்டி கையைக் கடித்தால் என்ன செய்வது என்று, சில வாரங்களுக்கு முன் தங்கள் நாளிதழின் வாசகர் பகுதியில் ஒருவர் கேட்டிருந்தார். செய்தித்தாளைச் சுருட்டி அதன் மூக்கின் மேல் பட்டென்று ஒரு தட்டுத் தட்டினால் போதும், இரண்டே நாளில் பழக்கம் விட்டுப்போகும் என்று அதற்குப் பதில் வெளியாகியிருந்தது. அந்த யோசனை பலித்துவிடும் என்பதுதான் என் கவலை. ஆறு ஆண்டுகளுக்கு முன் நானும் அதையே செய்தேன். சுருட்டியது தங்கள் நாளிதழைத்தான் என்பதையும் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். என் நாயும் சொல்லிவைத்தாற்போல் கடிப்பதை நிறுத்தியது. இரண்டு ஆண்டு கழித்து, எந்தச் சத்தமும் எழுப்பாமல், என் தங்கையின் ஐந்து வயது மகனின் கையில் பல்லைப் பதித்தது.

மணி எங்கள் வீட்டுக்கு வந்தபோது அதற்கு ஆறு வாரம்கூட நிரம்பவில்லை. குட்டிகளுக்கே உரிய வகையில், வாய்க்கு எட்டியதை எல்லாம் கவ்விப் பார்த்தது: செருப்பு வார், திரைச்சீலையின் ஓரம், நடக்கும்போது கால் கட்டைவிரல். ஊசிமுனை போன்ற பற்கள் தோலில் கீறியபோதெல்லாம் தட்டினேன். முதல் நாள் அது என்னைப் பார்த்து உறுமியது. உறுமியதற்கும் சேர்த்துத் தட்டினேன். மூன்றாம் நாள், தாளைச் சுருட்டும் சலசலப்புக் கேட்டாலே கட்டிலுக்கு அடியில் போய் ஒடுங்கிக்கொண்டது. அதன் பிறகு அது யாரையும் கவ்வவுமில்லை, யாரைப் பார்த்தும் உறுமவுமில்லை. வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும் இவ்வளவு சாதுவான நாயைப் பார்த்ததே இல்லை என்றார்கள். எனக்கும் உள்ளூரப் பெருமைதான்.

கடித்தது ஒரு விடுமுறை நாளின் பிற்பகலில். மணி நாற்காலிக்கும் சுவருக்கும் இடையில் படுத்திருந்தது. பையன் அதன் அருகில் குப்புறப் படுத்துக்கொண்டு, இடது காதை மடிப்பதும் விடுவதுமாக விளையாடிக்கொண்டிருந்தான். நான் நான்கடி தள்ளி உட்கார்ந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். மணி முதலில் கொட்டாவி விட்டது. பிறகு மூக்கு நுனியை இரண்டு முறை நக்கிக்கொண்டது. முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பியது. ஆனால் பார்வை மட்டும் பையன் மீதே இருந்ததால், கருவிழியின் ஓரத்தில் வெள்ளை பிறை போலத் தெரிந்தது. தூக்கக் கலக்கம் என்று நினைத்தேன். அடுத்து, இரைத்துக்கொண்டிருந்த வாய் சட்டென மூடிக்கொண்டது; உடம்பு ஒரு நொடி கல்லாகச் சமைந்தது. அடுத்த நொடி பையன் அலறினான். புறங்கையில் இரண்டு துளைகள். ஒன்று சற்று ஆழம்.

குழாயடியில் பிடித்துச் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவி, மருத்துவமனைக்குக் கொண்டுபோய், முதல் ஊசியும் போட்டுக்கொண்டு திரும்பும் வழியில் அவன் என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டான்: "பெரியம்மா, மணி ஏன் முன்னாடியே சொல்லல?" அவனுடைய நண்பன் வீட்டு நாய் தொந்தரவு செய்தால் உறுமுமாம், உறுமினால் இவர்கள் விலகிப் போய்விடுவார்களாம். அந்தக் கேள்விக்கு என்னிடம் அன்று பதில் இல்லை.

பதில் மறுநாள் கால்நடை மருத்துவரிடம் கிடைத்தது. இடது காதின் உட்புறம் சிவந்து வீங்கிப் புண்ணாகி இருந்தது. பல நாள் வலியாக இருந்திருக்க வேண்டும் என்றார். மணி குட்டியாக இருந்தபோது உறுமியதற்கு என்ன செய்தீர்கள் என்று கேட்டார். சொன்னேன். அவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. சொன்னது இதுதான்: மாட்டின் கழுத்து மணியைக் கழற்றிவிட்டு, மாடு ஓசையில்லாமல் வந்து முட்டிவிட்டது என்று வருந்தினால் எப்படி? என் நாய்க்கு நான் வைத்த பெயரை நினைத்து அன்று எனக்கே வெட்கமாக இருந்தது.

பெரும்பாலான நாய்கள் எடுத்த எடுப்பில் கடிப்பதில்லை. கொட்டாவி, மூக்கை நக்குதல், பார்வையைத் தவிர்த்தல், உடம்பைத் திருப்பிக்கொள்ளுதல், எழுந்து விலகுதல், காதைப் பின்னுக்கு மடித்து வாலை இடுக்கிக்கொள்ளுதல், உடல் விறைத்தல், உறுமல், பல் படாமல் வெறும் காற்றைக் கவ்வுதல் என்று படிப்படியாக ஏறி, கடைசிப் படியில்தான் பல் பதிகிறது. "எனக்குப் பிடிக்கவில்லை, விலகு" என்பதைத்தான் ஒவ்வொரு படியிலும் அது வெவ்வேறு விதமாகச் சொல்கிறது. நாம் கீழ்ப்படிகளைக் கவனிப்பதே இல்லை. நம் காதில் விழுவது உறுமல் மட்டுமே. அந்த உறுமலுக்கும் அடி விழும் என்று கற்றுக்கொண்ட நாய் உறுமலைத்தான் விட்டுவிடுகிறது. உறுமவைத்த அச்சமோ வலியோ உள்ளே அப்படியே இருக்கிறது. போதாக்குறைக்கு, கை அருகே வந்தால் வலிக்கும் என்ற புதிய பாடத்தையும் நாமே சேர்த்துக் கற்பித்துவிடுகிறோம். குரைக்கிற நாய் கடிக்காது என்ற பழமொழியை நம்பி நெருங்கிக் கடிபட்டவர்கள் பலர் உண்டு. குரைக்காத, உறுமாத நாய் கடிக்காது என்று நம்பியதுதான் நான் செய்த பிழை.

குட்டி ஏன் கடிக்கிறது என்பதையும் நாம் தவறாகவே புரிந்துகொள்கிறோம். அதற்குக் கைகள் இல்லை. எதையும் தெரிந்துகொள்ள அதற்கு இருப்பது மூக்கும் வாயும்தான். மூன்றாவது வாரத்திலிருந்து முளைக்கும் பால்பற்கள் மொத்தம் 28. ஏறக்குறைய நான்காம் மாதத்தில் அவை விழத் தொடங்கி, ஆறேழு மாதத்துக்குள் 42 நிலைப்பற்கள் வந்துவிடுகின்றன. பால்பற்கள் முள்போலக் கூர்மையாகவும், அவற்றைத் தாங்கும் தாடை வலுவற்றும் இருக்கின்றன. ஆகவே குட்டிக்கடி சுருக்கென்று வலிக்குமே தவிர, பெரிய காயம் உண்டாக்காது. அந்தப் பருவத்தில்தான் உடன்பிறந்த குட்டிகள் ஒன்றையொன்று கவ்விப் புரண்டு, எவ்வளவு அழுத்தினால் எதிரி கத்திக்கொண்டு ஆட்டத்தை விட்டுப் போய்விடும் என்பதைக் கற்றுக்கொள்கின்றன. தாயும், பால் குடிக்கும்போது பல் பட்டால் எழுந்து போய்விடும். எட்டு வாரத்துக்கு முன் குட்டியைத் தாயிடமிருந்து பிரிக்காதீர்கள் என்று மருத்துவர்கள் சொல்வதற்கு இது முக்கியக் காரணம். மணியை ஆறு வாரத்துக்குள் தூக்கி வந்த நான், அந்தப் பள்ளிக்கூடத்திலிருந்து பாதியிலேயே அதை நிறுத்திவிட்டேன்.

வீட்டுக்கு வந்த பிறகு அந்தப் பாடத்தைத் தொடர வேண்டியவர்கள் நாம்தான். இதற்கு இரண்டு கட்டங்கள் உண்டு, வரிசையை மாற்றக் கூடாது என்பது, குட்டிகளுக்கென்று தனிப் பயிற்சி வகுப்புகளை 1980களின் தொடக்கத்தில் நடத்தத் தொடங்கிய கால்நடை மருத்துவர் இயன் டன்பாரின் கருத்து. முதலில் கடியின் அழுத்தம் குறைய வேண்டும். அதன் பின்னரே கடியின் எண்ணிக்கை. முதல் நாளிலிருந்தே பல்லே படக்கூடாது என்று தடுத்துவிட்டால், தன் தாடைக்கு எவ்வளவு வலு இருக்கிறது என்று தெரியாமலே அந்த நாய் வளர்ந்துவிடும். பிற்காலத்தில் அதன் வாலை யாரேனும் மிதித்து, வலி தாங்காமல் அது திரும்பிக் கவ்வும் தருணத்தில், பல் தோலைத் தொட்டு நிற்குமா, சதைக்குள் இறங்குமா என்பது குட்டிப் பருவத்தில் கற்ற இந்தப் பாடத்தைப் பொறுத்தே அமைகிறது. எந்த நாயும் எந்தச் சூழலிலும் கடிக்கவே கடிக்காது என்று யாராலும் உத்தரவாதம் தர முடியாது. கடித்தாலும் காயப்படுத்தாத வாயை உருவாக்குவது பெரும்பாலும் நம் கையில் இருக்கிறது.

செய்முறையை, சென்ற ஆண்டு ஒன்பது வாரக் குட்டியாக எங்களிடம் வந்த சின்னியை வைத்துச் சொல்கிறேன். அதோடு விளையாடும்போது மெல்லப் பல் பட்டால் பொருட்படுத்தவில்லை. வலிக்கும்படி கடித்த உடனே, திட்டாமல், கையை வெடுக்கென்று இழுக்காமல், ஆட்டத்தை நிறுத்திவிட்டு எழுந்துகொண்டேன். கையை இழுத்தால் ஓடும் இரையைத் துரத்துகிற ஆசை அதற்குக் கிளம்பிவிடும் என்பது ஓரிரு நாளிலேயே தெரிந்துபோயிற்று. கால்மணி நேரமெல்லாம் ஒதுக்கிவைக்கத் தேவையில்லை. முப்பது நொடி போதும். அதற்குமேல் போனால் எதற்காக ஒதுக்கப்பட்டோம் என்பதே குட்டிக்கு மறந்துவிடுகிறது. திரும்பி வந்து மறுபடி விளையாடினேன். கடித்தால் ஆட்டம் நிற்கும், மென்மையாக இருந்தால் ஆட்டம் நீளும் என்ற கணக்கு அதற்குப் புரிய ஏறக்குறைய மூன்று வாரம் ஆயிற்று. பிறகு, எவ்வளவு மெல்லப் பட்டால் ஆட்டம் நிற்கும் என்ற எல்லையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே வந்தோம். ஐந்தாம் மாத முடிவில் கையில் பல் படுவதே அரிதாகிவிட்டது.

வீட்டில் எல்லாரும் ஒரே மாதிரி நடந்துகொண்டால்தான் இது பலிக்கும். எங்கள் வீட்டிலேயே இதில் சிக்கல் வந்தது. என் கணவர் குட்டியின் முகத்துக்கு முன்னால் விரல்களை ஆட்டிக் கவ்வச் சொல்லி விளையாடுவார். மாலையில் நான் பாடம் நடத்துவேன். குட்டி குழம்பாமல் என்ன செய்யும்? விரலுக்குப் பதில் இழுத்து விளையாட ஒரு தடித்த கயிற்றை அவர் கையில் கொடுத்த பிறகுதான் இருவருமே திருந்தினார்கள். கயிற்றிழுப்பு நாயை மூர்க்கமாக்கும் என்று சிலர் பயமுறுத்துவது உண்டு. விடு என்றதும் விடப் பழக்கினால், கவ்வலாம் என்ற ஆசையும், நிறுத்த வேண்டும் என்ற அடக்கமும் ஒரே ஆட்டத்தில் கைவருகின்றன. பல் முளைக்கும் நாட்களில் ஈறு குறுகுறுக்கும்; அப்போது கடித்துக் குதற ஏற்ற ரப்பர்ப் பொம்மையோ, நனைத்துக் குளிரவைத்த துணி முடிச்சோ கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால் நாற்காலிக் கால்களும் தப்பும்.

இன்னொன்று, எனக்கு மிகத் தாமதமாகவே தெரிந்தது. குட்டிகள் ஒரு நாளில் 18 முதல் 20 மணி நேரம் வரை தூங்க வேண்டியவை. மாலை வேளையில் பேய் பிடித்ததுபோல் ஓடி, கண்ணில் பட்டதை எல்லாம் கடிக்கும் குட்டி பெரும்பாலும் தூக்கம் கெட்டுக் களைத்த குட்டி. கைக்குழந்தை தூக்கத்துக்கு அழுவது போலத்தான் அதுவும். அதைத் திருத்த முயலாமல் இருட்டான ஒரு மூலையில் படுக்கவைத்தால், பத்து நிமிடத்தில் பிரச்சினை உறங்கிவிடும்.

ஐந்தில் வளையாதது என்று நாம் சொல்லும் கணக்கு நாய்க்கு ஆண்டுக் கணக்கல்ல, வாரக் கணக்கு. அமெரிக்காவின் பார் ஹார்பர் ஆய்வகத்தில் பல ஆண்டுகள் குட்டிகளை வளர்த்து ஆராய்ந்த ஜான் பால் ஸ்காட், ஜான் புல்லர் ஆகிய இருவரும் 1965இல் வெளியிட்ட முடிவுகளின்படி, மூன்றாம் வாரத்திலிருந்து ஏறக்குறைய பன்னிரண்டாம் வாரம் வரையுள்ள காலமே, எதைக் கண்டு அஞ்ச வேண்டும், எதை இயல்பாக ஏற்க வேண்டும் என்று குட்டியின் மனம் வகுத்துக்கொள்ளும் காலம். அந்த நாட்களில் குழந்தைகள், முதியவர்கள், தொப்பி அணிந்தவர், ஊன்றுகோல் பிடித்தவர், குடை, மிதிவண்டி, வாசல் மணி ஆகியவற்றை அச்சமின்றிப் பார்த்துப் பழகிய குட்டி, வளர்ந்த பின் அவற்றைக் கண்டு மிரளுவது குறைவு. தடுப்பூசிகள் முழுவதும் முடியும்வரை வெளியே கொண்டுபோகவே கூடாது என்று நான்கைந்து மாதம் வீட்டுக்குள் அடைத்துவைப்பவர்கள் நல்ல எண்ணத்தில்தான் அப்படிச் செய்கிறார்கள். ஆனால் கதவு திறக்கும்போது அந்தக் காலம் கடந்திருக்கும். விலங்கு நடத்தையியலுக்கான அமெரிக்கக் கால்நடை மருத்துவர் சங்கம் 2008இல் வெளியிட்ட அறிக்கையில், முதல் தடுப்பூசி போட்டு ஏழு நாள் ஆன பின், ஏழெட்டு வாரக் குட்டிகளையே தூய்மையான இடங்களில் நடக்கும் பயிற்சி வகுப்புகளில் சேர்க்கலாம் என்று பரிந்துரைத்தது. வகுப்பு வசதி இல்லாதவர்கள், குட்டியைத் தரையில் விடாமல் தோளில் தூக்கிக்கொண்டு தெருமுனை வரை போய் வந்தாலே ஒரு நாள் பாடம் ஆகிவிடும். பிறர் கையில் திணிக்க வேண்டியதில்லை. தொலைவிலிருந்து பார்க்கட்டும், அதுவாக நெருங்கினால் நெருங்கட்டும்.

அடியாத மாடு படியாது என்று வளர்ந்தவர்கள் நாம் என்பதால், அடிக்காமல் எப்படி அடங்கும் என்ற கேள்வி எழுவது இயல்பே. இதற்கு ஓநாய்க் கூட்டத்தைச் சான்று காட்டுபவர்களும் உண்டு. கூட்டத்துக்கு ஒரு தலைவன் இருப்பான், அவன் மற்றவற்றை மல்லாத்தி அடக்குவான், ஆகவே நீங்களும் நாயை மல்லாக்கப் புரட்டி அழுத்திப் பிடியுங்கள் என்பது அவர்கள் வாதம். இந்தக் கருத்தின் வேர் ருடால்ஃப் ஷெங்கல் 1947இல் வெளியிட்ட ஆய்வில் இருக்கிறது. அவர் பார்த்தவை மிருகக்காட்சிசாலைக் கூண்டில் அடைபட்டிருந்த ஓநாய்கள். 1970இல் தன் நூலின் மூலம் அதைப் பரப்பியவர்களில் ஒருவரான டேவிட் மெக் என்ற ஓநாய் ஆய்வாளரே, பின்னர் வடதுருவத்தை ஒட்டிய எல்ஸ்மியர் தீவில் காட்டு ஓநாய்களைப் பல கோடைகாலங்கள் கூடவே இருந்து கவனித்துவிட்டு, 1999இல் எழுதிய கட்டுரையில், கூட்டம் என்பது பெற்றோரும் பிள்ளைகளும் கொண்ட குடும்பமே, சண்டையில் வென்று பதவிக்கு வரும் தலைவன் என்ற சித்திரம் பொருந்தாது என்று விளக்கினார். தான் பரப்பிய கருத்தைத் தானே திருத்திய அந்த நேர்மையை நான் பெரிதும் மதிக்கிறேன். அவர் திருத்திக்கொண்டார், நம் வீட்டு முற்றங்களில் நாய்கள் இன்னும் மல்லாத்தப்படுகின்றன.

அடக்குமுறை என்ன செய்கிறது என்பதற்குக் கணக்கும் உண்டு. பென்சில்வேனியா பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவமனைக்கு நடத்தைச் சிக்கல்களுக்காக நாய்களை அழைத்துவந்த 140 உரிமையாளர்களிடம் கேட்டுத் தொகுத்து 2009இல் வெளியான ஆய்வில், வேண்டாத செயலுக்காக நாயை அடித்தோ உதைத்தோ பார்த்தவர்களில் 43 விழுக்காட்டினர், அந்த நாய் தங்களிடம் மூர்க்கம் காட்டியதாகக் கூறினர். வாயிலிருந்ததை வலுக்கட்டாயமாகப் பிடுங்கியவர்களில் 39 விழுக்காட்டினரும், மல்லாத்தி அழுத்தியவர்களில் 31 விழுக்காட்டினரும் அதையே கூறினர். மருத்துவமனை வரை வந்த நாய்கள் ஏற்கெனவே சிக்கல் உள்ளவை என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். எல்லா நாய்களுக்கும் இந்த எண்கள் அப்படியே பொருந்தா. ஆனால் கடிக்கும் நாயைத் திருத்தத்தானே அடிக்கிறோம்? அந்த நாய்களிடமே அடி இப்படி எதிர்வினை கிளப்புகிறது என்றால், அதை வைத்தியம் என்று எப்படிச் சொல்வது? அடித்து வளர்த்தேன், பத்தாண்டில் ஒருவரையும் கடித்ததில்லை என்று சொல்பவர்களை நான் மறுக்கவில்லை. அது அந்த நாயின் பொறுமை.

உணவுத் தட்டில் நடக்கும் கடிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். நாய் சாப்பிடும்போது தட்டில் கையை விட்டு அளைந்து, தட்டைப் பிடுங்கிப் பிடுங்கி வைத்துப் பழக்க வேண்டும் என்று எனக்கும் ஒருவர் சொல்லித் தந்தார். நாம் பசியோடு உண்ணும்போது ஒருவர் தினமும் இலையில் கை விட்டால் பொறுத்துப் பழகிவிடுவோமா, அவரைக் கண்டாலே எரிச்சல் கொள்வோமா? சரியான வழி இதற்கு நேர் எதிரானது. அது தின்றுகொண்டிருக்கும்போது சற்றுத் தள்ளி நடந்து போகும் போக்கில், தட்டில் இருப்பதைவிடச் சுவையான ஒரு துண்டைப் போட்டுவிட்டுப் போக வேண்டும். சில வாரங்களில், நாம் நெருங்கினால் இருப்பது போகும் என்ற பயம் மாறி, இன்னும் கிடைக்கும் என்ற எதிர்பார்ப்பு வந்துவிடும். வாயில் கவ்விய செருப்பையும் இப்படியே பண்டமாற்றில் வாங்கலாம். துரத்திப் பிடுங்கினால் அடுத்த முறை அது கட்டிலுக்கு அடியில் இருந்துகொண்டு பல்லைக் காட்டும்.

ஏற்கெனவே கடித்துவிட்ட நாயை வைத்திருப்பவர்களுக்குத் தனியாகச் சில வார்த்தைகள். முதலில் மருத்துவப் பரிசோதனை. பயிற்சியெல்லாம் அதற்குப் பிறகுதான். காது, பல், மூட்டு, முதுகு இவற்றில் எங்கேனும் வலி இருந்தால் எந்தப் பயிற்சியும் பயன் தராது. அடுத்தது, கடிக்கும் வாய்ப்பே நேராமல் பார்த்துக்கொள்வது. விருந்தினர் வரும்போது வேறு அறை, குழந்தைகள் ஓடும்போது நடுவில் ஒரு தடுப்புக் கதவு, வெளியே போகும்போது கூடை போன்ற வாய்மூடி. அந்த வாய்மூடி நாய் இரைக்கவும் தண்ணீர் குடிக்கவும் இடம் தருவதாக இருக்க வேண்டும். வாயை இறுக்கிக் கட்டும் பட்டை ஆகாது. அதையும் திடீரென்று மாட்டிவிடாமல், உள்ளே தின்பண்டம் வைத்து நாயே தானாக மூக்கை நுழைக்கும்வரை சில நாள் காத்திருக்க வேண்டும். நாள் முழுவதும் சங்கிலியில் கட்டிவைப்பது பாதுகாப்பு என்று தோன்றும். தப்பி விலக வழியில்லாத நாய்க்கு எஞ்சியிருப்பது பல் மட்டும்தான் என்பதை எண்ணிப் பார்த்தால் அப்படித் தோன்றாது. பிறகுதான் மெதுவான வேலை வருகிறது. எதைக் கண்டு அது அஞ்சுகிறதோ, அது அஞ்சாத அளவு தொலைவில் தெரியும்போதெல்லாம் நல்ல தின்பண்டம் வர வேண்டும். நாள் செல்லச் செல்லத் தொலைவைக் குறைக்க வேண்டும். மணியடித்தால் நாய்க்கு எச்சில் ஊறும் என்று பள்ளியில் படித்த பாவ்லோவின் பாடமேதான் இது. ஆழமாகக் கடித்த நாயிடமும், ஒரே தாக்குதலில் பலமுறை கடித்த நாயிடமும் இதைத் தனியாக முயலாமல், நடத்தையியல் தெரிந்த மருத்துவரின் துணையோடு மட்டுமே செய்ய வேண்டும்.

பயிற்சி எவ்வளவு நன்றாக அமைந்தாலும் வெறிநோய்த் தடுப்பூசிக்கு அது மாற்றாகாது. மனிதர்களுக்கு வரும் வெறிநோயில் 99 விழுக்காடு நாய்கள் மூலமே பரவுகிறது என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. அறிகுறி தோன்றிய பின் உயிர் பிழைப்பது ஏறக்குறைய இல்லை. வீட்டு நாய்தானே, செல்லக்கடிதானே என்று விட்டுவிடாமல், பல் பட்டுத் தோல் கிழிந்தால் உடனே சோப்பும் ஓடும் நீரும் கொண்டு பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு, அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

கடைசியாகக் குழந்தைகள். நாயைப் பழக்குவதில் பாதி குழந்தையைப் பழக்குவது என்று, மணி கடித்த அன்று எனக்குப் புரிந்தது. தூங்கும் நாயை, தின்னும் நாயை, குட்டி ஈன்ற நாயைத் தொடக் கூடாது. கழுத்தைக் கட்டிப்பிடித்து முகத்தோடு முகம் வைக்கக் கூடாது. அது எழுந்து போனால் பின்னால் போகக் கூடாது. தடவிக் கொடுத்தால் மூன்று நொடி தடவிவிட்டுக் கையை எடுத்துப் பார்க்க வேண்டும். நாய் சாய்ந்து இன்னும் கேட்டால் தொடரலாம், கேட்காவிட்டால் அத்தோடு நிறுத்தலாம். சின்னி குட்டியாக இருந்தபோது எட்டு வயதாகியிருந்த என் தங்கை மகன், அது குதித்துக் கவ்வ வந்தபோதெல்லாம் கைகளைக் கட்டிக்கொண்டு, மேலே பார்த்தபடி மரம்போல நின்றுவிடுவான். அதற்குச் சலித்துப்போய்த் தரையில் உட்காரும். உட்கார்ந்ததும் குனிந்து தடவுவான். எங்கள் எல்லாரையும்விட அவனிடம்தான் அது முதலில் கடிப்பதை விட்டது.

ஆகவே, அந்தப் பதிலுக்குத் திருத்தமாக இக்கடிதத்தை அதே பகுதியில் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். கேள்வி கேட்ட வாசகர் தாளைச் சுருட்டத் தொடங்கும் முன் இது அவர் கண்ணில் பட வேண்டும்.

மணிக்கு இப்போது ஆறு வயது. காது ஆறி நெடுநாள் ஆகிறது. நாங்கள் யாரும் அதன்மீது கை ஓங்கியும் நான்கு ஆண்டு ஆகிறது. சென்ற மாதம் என் தங்கை குடும்பத்தோடு வந்திருந்தாள். படுத்திருந்த மணியின் முன்னங்காலுக்கு அருகில் உருண்டு போன பந்தை எடுக்க, இப்போது ஒன்பது வயதாகிவிட்ட அந்தப் பையன் குனிந்து கையை நீட்டினான். மணி தலையைத் தூக்காமலே, தொண்டைக்குள் மிக மெதுவாக உறுமியது. குட்டிப் பருவத்துக்குப் பிறகு அந்த ஒலியை நான் அன்றுதான் கேட்டேன். அவன் கையை எடுத்துக்கொண்டு, "சரி மணி, நீயே வச்சுக்கோ" என்று சொல்லிவிட்டு இரண்டடி பின்னால் போய் உட்கார்ந்தான். மணி பெருமூச்சு விட்டுக்கொண்டு மறுபடி கண்ணை மூடியது.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி